கவனிப்பவரையும் கேளுங்கள்

காய்ச்சல் வந்த வீட்டுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு ஆள் வரும். மனச்சிதைவு வந்த வீட்டுக்கு வருவது பெரும்பாலும் அறிவுரைதான். மந்திரித்துப் பாருங்கள், கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும், வளர்ப்பில் எங்கே தவறியது? (கடைசிக் கேள்விதான் கொடுமை: இந்த நோயை வளர்ப்பு கொண்டுவருவதில்லை.)

பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்கும் நோய் இது. பிள்ளை தாங்க வேண்டிய வயதில் பெற்றோர் பிள்ளையைத் தாங்குகிறார்கள், ‘எனக்குப் பிறகு யார்?’ என்ற கேள்வியையும் சேர்த்து. வீட்டில் களைப்பு முற்றினால் பேச்சில் குத்தல் ஏறும். குத்தல் ஏறிய வீட்டில் நோய் மறுபடி தலைதூக்குவதும் அதிகம் என்கின்றன ஆய்வுகள். ஆக, தாய்க்குக் கிடைக்கும் ஓய்வில் மகனின் மருத்துவமும் கொஞ்சம் இருக்கிறது.

“அவன் எப்படி இருக்கிறான்?” என்று கேட்கும் நாம், “நீங்க தூங்கினீங்களா அக்கா?” என்றும் கேட்கலாம். அவர் வெளியே போய்வர ஒரு மதியம் அங்கே உட்கார்ந்திருக்கலாம். யாரும் வராத இரவுகளுக்கு அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. அதில் நோயாளிதான் பேச வேண்டும் என்றில்லை.