விருப்பத்துக்குக் காரணம் உண்டா?

பல பொருள்களுள் ஒன்றைச் சுட்டி, "இதுவே எனக்கு மிகவும் பிடித்தது" என்று ஒருவர் கூறும்போது, அவர் அப்பொருளைப் பற்றிப் பேசுகிறாரா, தம்மைப் பற்றிப் பேசுகிறாரா? பொருளைப் பற்றியே பேசுகிறார் எனில், அவர் கூற்றைச் சரியென்றோ தவறென்றோ நாம் வழக்காடலாம். தம்மைப் பற்றி எனில், வழக்குக்கே இடமில்லை. தலையசைத்துவிட்டு நகர வேண்டியதுதான். பெரும்பாலோர் இரண்டாவதே உண்மை என்று எண்ணி அமைதியடைந்துவிடுகின்றனர். அந்த அமைதி முறையானதுதானா என்பதை ஓர் எளிய எடுத்துக்காட்டைக் கொண்டு ஆராய்வோம்.

சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியை யாவரும் அறிவர். அதன் வகைகளுள் ஒன்று, ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே ஒலிக்க வல்ல அனலாக் சிந்தசைசர். ஆர்மோனியத்தில் மூன்று கட்டைகளை ஒருங்கே அழுத்தினால் மூன்று சுரங்களும் எழும்; இதிலோ ஒன்றே எழும். அவ்வகையில் இது நாதசுரத்துக்கும் புல்லாங்குழலுக்கும் உறவு. இதனுள் அலையியற்றி என்னும் உறுப்பு மின்னழுத்தத்தை விரைந்து ஏற்றி இறக்கி ஒலிக்கு வித்திடுகிறது. வடிப்பான் என்னும் உறுப்பு அவ்வொலியின் கூர்மையைக் கூட்டியும் குறைத்தும் தருகிறது. கணக்கிட்ட எண்களன்று, ஓடும் மின்சாரமே இங்கு ஒலியாகிறது. ஆகவே அறையின் வெப்பம் மாறினால் சுருதியும் சற்றே விலகுவதுண்டு.

இவ்வகைக் கருவிகள் பல. 1969இல் லண்டனில் வி.சி.எஸ்.3 பிறந்தது. 1970இல் அமெரிக்காவில் ராபர்ட் மூக்கின் நிறுவனம் மினிமூக்கை வெளியிட்டது. 1978இல் ஜப்பானின் கோர்க் நிறுவனம் எம்.எஸ்.20ஐயும், 1982இல் அந்நாட்டின் ரோலண்ட் நிறுவனம் எஸ்.எச்.101ஐயும் தந்தன. இவற்றுள் தமக்குப் பிடித்தது எது என்று இன்னிசை வல்லார் இன்றும் தமக்குள் வினவிக்கொள்கின்றனர். வினா சிறிதெனினும், அதற்கு அவர்கள் விடை தேடும் வழிகள் ஆராயத் தக்கவை.

முதல் வழி, புகழை நம்புவது. பலர் போற்றுவதை நாமும் போற்றலாம் என்பது அதன் உட்கிடை. ஆனால் புகழின் இயல்பைப் பாருங்கள். 1981இல் ரோலண்ட் நிறுவனம் டி.பி.303 என்ற சிறு கருவியை வெளியிட்டது. தனியே பயிற்சி செய்யும் கலைஞருக்குக் கீழ்ச்சுருதிப் பக்கவாத்தியமாய் அமைய வேண்டும் என்பது அதன் நோக்கம். மெய்யான கிதாரின் ஒலியை அது ஒத்திருக்கவில்லை, வாங்குவார் இல்லை, 1984இல் உற்பத்தி நின்றது. பழைய பொருள் விற்கும் கடைகளில் அது மலிந்து கிடந்தது. அவ்வாறு கைமாறிய கருவியின் குமிழ்களைச் சிகாகோ நகரத்து இளைஞர் சிலர், செய்தவர் எண்ணிப் பாராத வகையில் திருகினர். 1987இல் ஃபியூச்சர் என்ற குழுவின் 'ஆசிட் டிராக்ஸ்' வெளிவந்து, ஒரு புதிய இசை வகையே தோன்றியது. இன்று அதே கருவி பல ஆயிரம் டாலருக்கு விலை போகிறது. கருவியின் உள்ளே ஒரு கம்பியும் மாறவில்லை. மாறியது மனிதர் மதிப்பே. அப்படியாயின் புகழை மட்டும் சான்றாகக் கொள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்?

இரண்டாம் வழி, பயனைக் கணக்கிடுவது. இக்கணக்கில் ஒற்றைச் சுரக் கருவி தோற்றே போகும். 1978இல் வந்த பிராஃபெட்-5 ஐந்து சுரங்களை ஒருங்கே ஒலித்ததுடன், அமைத்த ஒலிகளைத் தன் நினைவிலும் வைத்துக்கொண்டது. 1983இல் வந்த யமஹா டி.எக்ஸ்.7 பதினாறு சுரங்களைத் தந்தது. இன்றோ ஒரு கணினிக்குள் நூறு கருவிகளின் ஒலி அடங்கிவிடுகிறது. பயனே அளவுகோல் எனில், பழைய ஒற்றைக் குரலை எவரும் நாடலாகாது. ஆயினும் 1981இல் நின்றுபோன மினிமூக்கை, 2016இலும் 2022இலும் மூக் நிறுவனத்தாரே மீண்டும் செய்து விற்க நேர்ந்தது. பயன் என்னும் தராசில் நிற்காத ஏதோ ஒன்றை மனிதர் அதில் கண்டனர் என்பது தெளிவு.

மூன்றாம் வழி, பழக்கம். நெடுநாள் கையாண்டது எதுவோ அதுவே இனியது என்பர். இதில் உண்மை உண்டு. எனினும் ஓர் இடர்ப்பாடும் உண்டு. பழக்கமே இனிமையைத் தருமெனில், எப்பொருளும் எப்பொருளுக்கு ஈடாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாலே போதுமே! தேர்வு என்ற சொல்லுக்கே அங்குப் பொருளில்லை.

இவ்விடத்தில் நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்று வழிகாட்டுகிறது. பம்பாய்த் திரையுலகில் பின்னணி வாத்தியக் கலைஞராய் இருந்த சரண்ஜித் சிங், 1982இல் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அதில் அவர் கையாண்ட கருவிகளுள் ஒன்று, முன்பு சொன்ன டி.பி.303. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஏற்பாடு அதில் இருந்தது. நம் இராகங்களுக்கோ அவ்வழுக்கல் உயிர்நாடி அன்றோ! அன்று அவ்விசைத்தட்டைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபின் உலகம் வியந்து கேட்டது. சிகாகோ இளைஞருக்கு ஐந்தாண்டு முன்னரே, ஒருவர் அக்கருவியிடம் தக்க வினாவைக் கேட்டிருக்கிறார். அதுவும் விடை கூறியிருக்கிறது.

நாம் தேடிய உண்மை இங்கே இருப்பதாகக் கருதுகிறோம். கருவியில் ஒரு தகுதி உறங்கிக் கிடக்க வேண்டும். அதை எழுப்பும் பொறுமை மனிதரிடம் இருக்க வேண்டும். இரண்டும் கூடும் இடத்தில்தான் 'பிடித்தது' என்ற சொல் நிறைவு பெறுகிறது. பொருளில் தகுதி இல்லையேல் பழக்கம் வெறும் பிடிவாதம். மனிதரிடம் பொறுமை இல்லையேல் தகுதி வெறும் விளம்பரம். எனவே விருப்பத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அக்காரணம் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே முழுமையாகக் கைக்கு வருவதில்லை. தேர்ந்தெடுத்தபின் அது வளர்கிறது.

1968இல் வெண்டி கார்லோஸ், மூக் செய்த கருவியைக் கொண்டு பாக் என்னும் ஜெர்மானிய மேதையின் இசையைப் பதிவு செய்தார். பல குரல்கள் பின்னிப் பிணைந்த அவ்விசையை ஒரே குரல் கொண்ட கருவியில் எப்படி வாசிப்பது? ஒவ்வொரு குரலையும் தனித்தனியே வாசித்து, நாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினார். எல்லாம் தரும் கருவி கையில் இருந்திருந்தால், ஒவ்வொரு குரலுக்கும் அத்தனை கவனம் கிட்டியிருக்குமா? குறை சிலவேளை கவனத்தின் ஆசிரியராகிறது.

"அப்படியானால் உங்கள் தேர்வு எது?" என வாசகர் கேட்பது நியாயமே. பொதுப்பட எழுதிவிட்டு நழுவுதல் நமக்கு அழகன்று. நாம் எஸ்.எச்.101ஐயே சுட்டுவோம். அதில் அலையியற்றி ஒன்றே. மினிமூக்கின் மூன்று அலையியற்றிகள் சேர்ந்தெழுப்பும் கனத்த ஒலி அதில் வாராது. உடல் பிளாஸ்டிக்கால் ஆனது, கட்டைகள் முப்பத்திரண்டே, அமைத்த ஒலியை நினைவில் வைக்கும் ஏற்பாடும் இல்லை. ஆயினும் அதன் முகப்பில் உள்ள ஒவ்வொரு விசைக்கும் ஒரு தொழில், கண்முன் தெரியும் தொழில். மறைவாய் எதுவும் இல்லை. தள்ளிய விசை ஒலியை எவ்வாறு மாற்றிற்று என்பதைச் சிறுவனும் செவியால் அறிவான். ஒளிவின்றித் தன்னை அறியத் தரும் பொருளிடம் பொறுமை விரைவில் பலன் காண்கிறது. மினிமூக் மேலானது என்று பிறர் வாதிட்டால் மறுக்கமாட்டோம். மேலானதும் நமக்கு உரியதும் எப்போதும் ஒன்றாயிருத்தல் வேண்டுவதில்லை.

இவ்வினாவில் அடங்கியது இசைக்கருவி மட்டுமன்று. எதையும் எளிதில் பெறவும் எளிதில் மாற்றவும் கூடிய காலம் இது. சிறந்ததைத் தேடுவதாகச் சொல்லி, ஒன்றிலும் நிலைக்காமல் ஆயுளைக் கழிப்போர் உளர். அரிய கருவிகளை வாங்கி அடுக்கி, ஒன்றையும் வாசியாது விலையேற்றத்தை எண்ணி மகிழ்வோரும் உளர். முன்னவர் தேர்ந்தெடுக்க அஞ்சுகின்றனர். பின்னவர் உடைமையைத் தேர்வென மயங்குகின்றனர். இருவருக்கும் இல்லாது போவது ஒன்றே: ஒரு பொருளை அதன் குறையோடு ஏற்று, அதன் உள்ளிருப்பதை வெளிக்கொணரும் உழைப்பு.

நூல், தொழில், ஊர், நட்பு என எதில் தேர்வு நேரினும், எது சிறந்தது என்று சிறிது காலம் ஆராய்வோம். ஆராய்ந்து தெளிந்தபின் ஒன்றில் நிற்போம். நின்றவருக்கே அப்பொருள் தன் குரலைக் கேட்கத் தருகிறது.