கொடியும் கயிறும் கருத்துரிமையும்

பள்ளி விளையாட்டு விழா என்றவுடன் நம் கண்முன் தோன்றுவன கொடிகளே. நடுவே தேசியக் கொடி ஏறும். அதன்பின் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என அணிக்கொடிகளைத் தாங்கி மாணவர் அணிவகுத்து வருவர். தாமல் போன்ற சிற்றூராயினும் மாநகராயினும் காட்சி ஒன்றே. கொடிக்கு வாயில்லை, ஆயினும் "நான் இவர்களைச் சேர்ந்தவன்" என்று அது உரக்கச் சொல்லிவிடுகிறது. அவ்வாறாயின், மாணவன் தான் விரும்பும் எந்த அடையாளத்தையும் மைதானத்திற்குக் கொண்டுவரலாமா? தடுத்தால் அவனது கருத்துரிமையைப் பறித்ததாகுமா? இவ்வினாவை நம் அறநெறியின் துணைகொண்டு ஆராய்வோம்.

முதற்கண் சட்டத்தைக் காண்போம். 1985ஆம் ஆண்டு கேரளத்தில், 'யெகோவாவின் சாட்சிகள்' பிரிவைச் சேர்ந்த உடன்பிறப்புகள் மூவர் பள்ளியினின்று நீக்கப்பட்டனர். தேசிய கீதம் பாடப்படும்போது அவர்கள் மரியாதையுடன் எழுந்து நின்றனர். சமய நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. வேறொரு குற்றமும் அவர்கள் செய்திலர். 1986 ஆகஸ்டு 11 அன்று, நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பின் வழி உச்சநீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டது. பேசும் உரிமையுள் பேசாதிருக்கும் உரிமையும் அடங்கும் என்பதே அதன் சாரம். 2004ஆம் ஆண்டு நவீன் ஜிண்டால் வழக்கில், தேசியக் கொடியை மதிப்போடு பறக்கவிடுவதும் கருத்துரிமையே என்று அதே நீதிமன்றம் கூறியது. அமெரிக்காவில், வியட்நாம் போரை எதிர்த்து 1965இல் கறுப்புக் கைப்பட்டை அணிந்து வந்த மாணவர்க்குச் சார்பாக 1969இல் தீர்ப்பு வந்தது. பள்ளி நடைமுறைக்குப் பெரும் இடையூறும் பிறர் உரிமைக்கு ஊறும் நேராதவரை அடையாளம் அணியலாம் என்பது அந்நாட்டு உச்சநீதிமன்றத்தின் முடிவு.

நம் மாநிலத்தில் எழுந்துள்ள சிக்கல் வேறுவகையானது. சில பள்ளிகளில் மாணவர் தம் சாதியைக் குறிக்கும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டி வருகின்றனர். 2019 ஜூலையில் பள்ளிக் கல்வித்துறை விடுத்த சுற்றறிக்கை, விளையாட்டு அணித் தேர்விலும் இடைவேளையில் ஒன்றுகூடுவதிலும் இக்கயிறுகள் பயன்படுவதாகக் கூறியது. எதிர்ப்பு எழவே, பழைய நிலையே தொடரும் என்று அப்போதைய அமைச்சர் அறிவித்தார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் இன மாணவர் ஒருவரும் அவர்தம் தங்கையும் அதே பள்ளி மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றை மாணவர் அணியலாகாது என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று.

கேரளக் குழந்தைகளின் மௌனத்தையும் இக்கயிற்றையும் ஒரே தட்டில் வைக்கலாமா? கட்டியவனைக் கேட்டால் "கோயிலில் கட்டிய கயிறு" என்பான். அவன் நோக்கில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பக்கத்தில் இருப்பவனுக்கு அதே கயிறு வேலி. கபடிக்கு ஆள் எடுக்கும்போது தன் மூச்சையும் கால்வலிவையும் பாராது மணிக்கட்டைப் பார்க்கிறார்கள் என்று அவன் அறிவான். ஒரு பொருளுக்குப் பல தன்மைகள் உண்டென்பது அநேகாந்தம். ஒரு நயத்தையே பற்றிக்கொண்டு அதுவே முழு உண்மை என்பது ஏகாந்தம். ஆதலின் அடையாளத்தின் பொருளை அணிந்தவன் மட்டும் முடிவு செய்தல் இயலாது. காண்பவனையும் கேட்க வேண்டும்.

காஞ்சியோடு தொடர்புடையவர் என மரபு போற்றும் சமந்தபத்திர ஆசாரியர், இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தாரின் வாய்மை விரதத்தை விளக்குகையில், பொய்யோடு பிறர்க்குக் கேடு விளைக்கும் மெய்யையும் விலக்கச் சொல்கிறார். சொல்லுக்குரிய இவ்வரம்பு, சொல்லாமல் சொல்லும் கயிற்றுக்கும் கொடிக்கும் பொருந்துமன்றோ? அக்குழந்தைகளின் மௌனம் எவரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. கயிறோ ஒரு சிறுவனின் ஆட்டத்தைப் பறிக்கிறது.

அணிக்கொடி தீங்கற்றதாவது எங்ஙனம்? சீட்டுக் குலுக்கியோ பதிவேட்டு வரிசைப்படியோ அணி பிரிக்கும்போது பிறப்பு அங்கே நுழைவதில்லை. நம் பகுதி உத்திரமேரூரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. விவரமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டே ஓலை எடுக்கச் செய்தனர். நிற்கும் தகுதி அன்று எல்லார்க்கும் இருந்ததில்லை. எனினும் எடுக்கும் கை பக்கம் சாரலாகாது என்பதை அறிந்திருந்தனர். நீல அணியில் விழுந்த பிள்ளை, நேற்றுவரை பேசாத பிள்ளையின் கையிலிருந்து தொடரோட்டக் கோலை வாங்கி ஓடுகிறான். விழா முடிந்தபின் கொடி அலமாரிக்குச் சென்றுவிடும், நட்பு எஞ்சும்.

இனி நமக்கே கடினமான வினா. நெற்றிக்குறிக்கும் தடை எனில், சினாலயத்தில் வழிபட்டு இட்ட சந்தனத்தோடு பள்ளி செல்லும் நம் குழந்தையின் நிலை யாது? அச்சந்தனம் எவரையும் அச்சுறுத்தாது என்போம். அதையே கயிறு கட்டியவனும் சொல்கிறான். நம் அடையாளத்துக்கு நாமே நீதிபதியாக அமர்வது ஏகாந்தமே. ஆதலின் எல்லார்க்கும் ஒரே விதி வருமாயின், அதை முதலில் ஏற்பவர் நாமாக இருத்தல் வேண்டும் என்பதே நம் துணிபு. நெற்றியினின்று சந்தனம் நீங்குவதால் நற்காட்சியும் நல்ஞானமும் நல்லொழுக்கமும் நீங்கிவிடா. நம் ஐந்நிறக் கொடி சினாலயத்தில் பறக்கட்டும். பள்ளி மைதானத்திற்கு அது வேண்டுவதில்லை. ஆனால் ஒரு சாரார் குறி நிலைக்க, மற்றொரு சாரார் குறி மட்டும் அழிக்கப்படுமாயின், எண்ணிக்கையில் சிறியோராயினும் அமைதியாக எதிர்த்துரைக்கும் உரிமையை நாம் கைவிடலாகாது.

ஆசிரியர்க்கும் ஒரு சொல். தண்டிக்குமுன் காரணம் அறிக என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதற்பாடம். பலர் காணக் கயிற்றைக் கத்தரித்து எறிந்தால் கயிறு போகும், வன்மம் வேரூன்றும். தனியே அமர்த்தி, அக்கயிற்றால் ஆடாது நின்ற தோழனைப் பற்றிப் பேசினால், அவனே அவிழ்க்கக் கூடும். தானே அவிழ்ப்பது விரதம். பிறர் அறுப்பது தண்டனை.

பெற்றோர்களே, கயிறு பள்ளியில் முளைப்பதில்லை. வீட்டிலிருந்தும் தெருவிலிருந்துமே அங்கே செல்கிறது. விளையாட்டு விழா முடிந்து வரும் பிள்ளையிடம் என்ன பரிசு பெற்றாய் என்று கேட்கிறோம். அதனோடு, உங்கள் அணியில் சேர்த்துக்கொள்ளாமல் விட்டது யாரை, ஏன் என்றும் கேட்போமாக.