பிழையும் பொய்யும் ஒன்றா?

கடையில் இரண்டு விதமான தவறுகள் நேர்வதை வணிகர்களாகிய நாம் அறிவோம். கணக்கைக் கூட்டும்போது கவனம் பிசகி ஓர் எண் மாறிவிடுவது ஒன்று. சரக்கு வைக்கும் தட்டின் அடியில் எதையேனும் ஒட்டி வைத்து எடையைக் குறைப்பது மற்றொன்று. வாங்குபவருக்கு இரண்டிலும் நட்டம் ஒரே அளவாக இருக்கலாம். ஆயினும் முன்னதைப் பிழை என்கிறோம். திருத்திக் கொடுத்து வருத்தம் தெரிவிக்கிறோம். பின்னதை மோசடி என்கிறோம். அதைச் செய்தவனைக் கடையில் வைத்திருக்க மாட்டோம். இவ்வளவு தெளிவாகப் பிரித்தறியும் நாம், வீட்டில் நம் பிள்ளைகளின் படிப்பிலும் அவ்வாறே பிரித்தறிகிறோமா?

சிங்கப்பூரில் தொடக்கநிலை இரண்டாம் வகுப்பில் ஒரு வாரத்தை எண்ணிப் பாருங்கள். திங்கட்கிழமை கழித்தல் கணக்கு. 52இல் 27 போனால் மீதி என்ன? ஒரு பிள்ளை 35 என்று எழுதுகிறது. இது கண்ணை மூடிக்கொண்டு எழுதிய விடை அன்று. இரண்டில் ஏழு போகாது என்று கண்ட பிள்ளை, ஏழில் இரண்டைக் கழித்து ஐந்து என்று எழுதிவிட்டது. அந்த 35ஐப் பார்த்ததும், பிள்ளையின் எண்ணம் எங்கே வழி மாறியது என்பது நல்லாசிரியருக்குப் புலப்பட்டுவிடும். மறுநாள் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்க்கச் சொல்வார். ஐந்து கட்டு நான்காகும். இரண்டு உதிரிக் குச்சிகள் பன்னிரண்டாகும். 25 என்ற விடை பிள்ளையின் கையிலேயே கிடைத்துவிடும்.

புதன்கிழமை எடைப் பாடம். ஒரு பொருளைக் கையில் தூக்கி, இத்தனை கிராம் இருக்கும் என்று முதலில் ஊகிப்பார்கள். பிறகு நிறுத்துப் பார்ப்பார்கள். ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசமே அன்றைய பாடம். வியாழக்கிழமை சொல்வதெழுதுதல், 'பள்ளி' சிலர் ஏட்டில் 'பல்லி'யாகிவிடும். வெள்ளிக்கிழமை திருத்தம்.

இந்த ஐந்து நாளில் பிழை இல்லாத நாள் எது? பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து 25 என்று எழுதியிருந்தால் ஏடு சுத்தமாக இருந்திருக்கும். ஆனால் ஆசிரியர் ஒன்றும் அறிந்திருக்க மாட்டார். பிள்ளையும் ஒன்றும் கற்றிருக்காது. இரவல் வாங்கிய சரியான விடையைவிட, சொந்தமாக எழுதிய தவறான விடை மேலானது அன்றோ!

அந்த ஏடு வீட்டுக்கு வருகிறது. கடை அடைத்துக் களைத்து வந்த தகப்பனார் சிவப்பு மையை மட்டுமே காண்கிறார். "இத்தனை தப்பா? பக்கத்து வீட்டுப் பையனுக்கு எத்தனை?" என்று உரத்த குரலில் கேட்கிறார். அடுத்த வாரம் ஏடு வீட்டுக்கு வருவதில்லை. "டீச்சர் இன்னும் கொடுக்கவில்லை" என்கிறது பிள்ளை. நேற்று பிழை மட்டுமே செய்த பிள்ளை இன்று பொய்யும் சொல்கிறது. அந்தப் பொய்யில் நம் கோபத்துக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியுமா?

சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டு முதல் தொடக்கநிலை ஒன்று, இரண்டு வகுப்புகளில் மதிப்பெண்ணுக்கான தேர்வுகள் இல்லை. பள்ளி கைவிட்ட தேர்வை நாம் வீட்டில் நடத்துவது முறையாகாது.

"பிழையைப் பொறுத்துக்கொண்டே போனால் பிள்ளை அசட்டையாக வளராதா? 25 வெள்ளிக்குப் பதில் 35 வெள்ளியை மீதி கொடுத்தால் கடை என்னாவது?" என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கடையில் பத்து வெள்ளியை இழக்காமல் இருக்கவே, நட்டமில்லாத இடத்தில் அந்தப் பிழையைச் செய்து திருந்தட்டும் என்கிறோம். பொறுத்துக்கொள்வது வேறு, கண்டும் காணாமல் விடுவது வேறு. பேரேட்டில் தவறாக எழுதிய வரியை நாம் சுரண்டி அழிப்பதில்லை; கோடிட்டு அடித்துவிட்டு, சரியானதை அருகில் எழுதுகிறோம். பிள்ளையும் அவ்வாறே தன் கையால் திருத்தி எழுதட்டும். பார்த்து எழுதினாலோ, ஏட்டை ஒளித்தாலோ கண்டிப்பு வேண்டும். பிழைக்குக் காட்ட வேண்டியது பொறுமை; பொய்க்குக் காட்ட வேண்டியது கண்டிப்பு. இவ்விரண்டையும் இடம் மாற்றிக் காட்டுவதால்தான் தீங்கு விளைகிறது.

1946ஆம் ஆண்டு சிங்கப்பூரில் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி நம் சமூகத்தாரின் முயற்சியால் எழுந்தது. அது 1982ஆம் ஆண்டு வரை பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டியது. அந்தத் தலைமுறை பள்ளியையே கட்டிக் கொடுத்தது. இன்று நம்மிடம் கேட்கப்படுவது அவ்வளவு பெரிய செலவன்று. வெள்ளிக்கிழமை இரவு ஏட்டைக் கையில் வாங்கி, "இது எப்படி 35 ஆயிற்று, சொல் பார்க்கலாம்" என்று சாந்தமாகக் கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்தால் போதும். பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கடைக்கு வரும் வாடிக்கையாளரிடம் காட்டும் பொறுமையில் ஒரு பங்கையாவது அவர்களுக்கும் காட்டுவோமாக.