வழக்கும் வாய்மையும்



வணிகம் என்றிருந்தால் வழக்கும் சில வேளை வரும். சரக்கின் எடை, கடன் பாக்கி, கூட்டு வணிகத்தின் பங்கு என ஏதேனும் ஒன்றில் இருவர் மாறுபடுவர். மன்றம் ஏறியபின் நம்பத்தக்கவர் சொல்லே நிற்கும். அந்த நம்பகத்தன்மை வழக்குத் தொடுத்த அன்று பிறப்பதன்று. நாள்தோறும் நாம் எழுதும் கணக்கில் பிறப்பது.

வாமன முனிவர் அருளிய மேருமந்தர புராணத்தில் இவ்வுண்மையை நாம் காண்கின்றோம். பத்திரமித்திரன் என்னும் வணிகன், சிம்மபுரத்து அமைச்சனிடம் தன் மணிகளை அடைக்கலமாக வைத்தான். வாய்மையாளன் எனப் பெயர் பெற்றமையால் அவ்வமைச்சனுக்குச் சத்தியகோஷன் என்பதே பெயர். திரும்பக் கேட்டபோது அவன் மறுத்தான். வணிகன் நாள்தோறும் மரமேறி முறையிட்டும், உலகம் புகழுடையானை நம்பி, பொருள் இழந்தானைப் பித்தன் என்றது. அரசி இராமதத்தை சூதாடி அமைச்சனின் மோதிரத்தையும் பூணூலையும் வென்று, அவற்றை அடையாளம் காட்டி மணிகளை வரவழைத்தாள். அரசன் அவற்றைத் தன் மணிகளோடு கலந்து வைத்தான். வணிகனோ தன்னுடையவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டான். அவன் வாய்மைக்கு அச்செயலே சான்றாயிற்று.

இன்றைய சட்டமும் சொல்லுக்குத் துணைச்சான்று கேட்கின்றது. முறையாக எழுதிவரும் வணிகக் கணக்கேடுகளை 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் ஏற்றது. ஆயினும் அக்கணக்கு ஒன்றையே கொண்டு ஒருவர் மீது பொறுப்பைச் சுமத்தலாகாது என்றது. அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியமும் அவ்வாறே கூறுகின்றது. தைக்கப்படாத உதிரித் தாள்கள் கணக்குப் புத்தகம் ஆகா என உச்ச நீதிமன்றம் 1998-இல் ஒரு வழக்கில் தெளிவுபடுத்தியது.

எனினும் மன்றத்தின் பார்வைக்கு எல்லை உண்டு. விரதத்திற்கு அவ்வெல்லை இல்லை. உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் சத்திய அணுவிரதத்திற்குக் கூறும் அதிசாரங்கள் ஐந்தனுள் இரண்டு வணிகரை நேரே சுட்டுவன. ஒன்று கூடலேகக் கிரியை, அதாவது பொய்ப் பத்திரம் எழுதுதல். மற்றொன்று நியாசாபகாரம், அதாவது அடைக்கலப் பொருளைக் கவர்தல். பொருள் வைத்தவர் தொகையை மறந்து குறைத்துக் கேட்கையில், "ஆம், அவ்வளவே" என்று இசைந்து கொடுப்பதும் நியாசாபகாரமே என்பர் உரையாசிரியர். கேட்டவர் கேட்டதைப் பெற்றார், வழக்கே எழாது. ஆயினும் வினை கட்டிவிட்டது.

ஆதலின் முன்தேதியிட்டுப் பத்திரம் எழுதாதிருப்போம். நமக்கு எதிரான ரசீதையும் வழக்கறிஞரிடம் மறையாது காட்டுவோம். கடைக் கணக்கரைப் பொய்ச்சாட்சி சொல்ல ஏவாதிருப்போம். தாம் பொய் கூறாமையோடு பிறரைக் கூறச்செய்யாமையும் விரதமே என்பது சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அருளிய நெறி. இதனால் ஒரு வழக்குத் தோற்பினும் தோற்கட்டும். பொய்யால் காத்த பொருளுக்காகச் சத்தியகோஷன் அரச பண்டாரத்திலேயே பாம்பாய்ப் பிறந்தான். பொருளருகே கிடந்தும் அதனைத் துய்க்க இயலாத அப்பிறவியை நாம் விலைக்கு வாங்க வேண்டா.

அருகன் திருவறம் ஓங்குக!