பழைய சாமான் வாங்குபவர் பேசவேண்டுமா?

வாசகரே, மாவடிப்பள்ளியில் ஒரு வீட்டை எண்ணிப்பாருங்கள். கல்முனைக் கரையில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் வீடு பெரும்பாலும் மகளுக்கே சேரும். அதனோடு உம்மாவின் தட்டுமுட்டுச் சாமான்களும் வரும். அவற்றுள் கறுத்துப்போன கரண்டிகள் சில. கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். ஆதலால் மலிவான உலோகம் என்றே தோன்றும். பின்புறத்தில் நடக்கும் சிங்கத்தின் சிறு முத்திரை: ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பதற்கு இங்கிலாந்து இட்ட அடையாளம். வீட்டுக்காரிக்கு அது தெரியாது. வாசலில் நிற்கும் வியாபாரிக்குத் தெரியும். அவர் சொல்லக் கடமைப்பட்டவரா?

கி.மு. 44இல் சிசரோ 'கடமைகள்' பற்றிய நூலில் இதையே கேட்டார். பித்தளையென்று எண்ணிப் பொன்னை விற்கிறான் ஒருவன். ஆயிரம் தெனாரியம் பெறுவதை ஒரு தெனாரியத்துக்கு வாங்கலாமா? சொல்லாதிருப்பது மறைப்பதாகாது என்பது தியோஜெனசின் கட்சி. அவருடைய மாணவர் அந்திப்பாத்தர் அதை ஏற்கவில்லை.

வியாபாரியின் பக்கமும் நியாயம் உண்டு. முத்திரை படிக்கப் பல வருடம் பழகியிருப்பார்; வெள்ளிமுலாம் பூசியதை வெள்ளியென்று வாங்கிக் கைசுட்டுமிருப்பார். அந்த அறிவுக்குக் கூலி வேண்டும், நல்ல கூலியே வேண்டும். ஆனால் நம் ஊர்ப் பேரத்தில் வாய்மூடி வாங்குபவரை நீங்கள் கண்டதுண்டா? "இது என்னத்துக்குப் புள்ள உதவும்?" என்றுதானே தொடங்குகிறார்! தியோஜெனசின் வாதம் அந்த ஒரு கேள்வியிலேயே அடிபட்டுப் போகிறது.