உருமறைப்புச் சட்டையும் ஆட்காட்டியும்

காட்டிலும் குளக்கரையிலும் உயிர்களைப் பார்க்கப் போகிறவன் எதை உடுத்த வேண்டும் என்பது தையற்காரனிடம் கேட்க வேண்டிய விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சென்ற ஏப்ரலில் கூந்தன்குளத்தில், கரைக்கு அப்பால் தரிசாகக் கிடந்த நிலத்தில், நாற்பது நிமிஷம் நின்ற பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

முதலில் சட்டை. இலையும் நிழலுமாகத் திட்டுத்திட்டாகச் சாயமேற்றிய துணி. அரியர்ஸ் பணத்தில் வாங்கியது. இந்தத் திட்டுகளின் பூர்வீகம் ஓவியனின் அறை. அமெரிக்க ஓவியர் ஆபட் தேயர், மகன் ஜெரால்டுடன் சேர்ந்து 1909இல் கொண்டுவந்த புத்தகத்தில், பிராணிகளின் நிறமெல்லாம் ஒளிந்துகொள்வதற்கே என்று சாதித்தார். பூநாரை சிவந்திருப்பதுகூட அந்திவானத்தில் கரைந்துபோகத்தான் என்றார். தியோடர் ரூஸ்வெல்ட் இதைக் கடுமையாக மறுத்தார். (ஒரு சித்தாந்தம் கையில் கிடைத்ததும் உலகத்தையே அதற்குள் திணித்துவிடும் விமர்சகர்கள் நம்மிடமும் இல்லாமலில்லை.) 1915இல் பிரெஞ்சு ராணுவம் உருமறைப்புக்கென்றே ஒரு பிரிவை ஏற்படுத்தி ஓவியர்களைச் சேர்த்தது. அதன் தலைவர் கிரான் த ஸ்கெவோலா, பீரங்கியின் உருவத்தைக் குலைக்கக் க்யூபிஸ்ட்டுகளின் முறையைக் கைக்கொண்டதாகப் பின்னால் சொன்னார். பொருளை உடைத்து இன்னும் முழுமையாகக் காட்ட முயன்ற ஒரு கலை, பொருளையே தெரியாமல் அடிக்கப் பயன்பட்டிருக்கிறது.

யாருக்குத் தெரியாமல்? எதிரிச் சிப்பாய்க்கு, அதாவது மனிதக் கண்ணுக்கு. மான்களின் கண்ணில் சிவப்பு தனி நிறமாக விழுவதில்லை. புலியின் செம்மஞ்சள் அவற்றுக்குப் புல்லின் பச்சையோடு சேர்ந்துவிடும். நீலம் மட்டும் நன்றாகவே தெரியும். பல பறவைகள் நமக்கு எட்டாத புற ஊதாவையும் காண்கின்றன. ஆகவே கடைக்காரன் காட்டும் அச்சைவிடச் சலவைதான் முக்கியம். சலவைப் பொடியில் வெண்மைக்காகக் கலக்கும் ரசாயனம் புற ஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பித் தரும். நம் கண்ணுக்கு மங்கிய சட்டை மானின் கண்ணுக்கு மினுங்கக்கூடும். வாசனையில்லாத சாதாரண சோப்பில் அலசி, நீலம் போடாமல், நிழலில் உலர்த்த வேண்டும். பீரோவில் அந்துருண்டையோடு வைக்கக் கூடாது. நைலான் சரசரக்கும், பருத்தி தேவலை. மார்ச் மாதத்து முதுமலை சருகு நிறத்தில் இருக்கும். அங்கே பச்சைச் சட்டைதான் துருத்திக்கொண்டு தெரியும். அசட்டையாகக் கையை ஆட்டினால் இத்தனையும் வியர்த்தம். ராணுவத்தின் அச்சையே வாங்குவது தொல்லை: சிப்பாய் என்று நம்பவைக்கும் எண்ணத்தோடு அணிவது சட்டப்படி குற்றம்.

இவ்வளவும் கற்றுத் தேர்ந்துதான் அன்று விடியற்காலையில் வேலிக்கருவையின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். பிறகு குனிந்தபடி, அடிமேல் அடியாக வெளியே வந்தேன். மூன்று எட்டுக்கு முன்னால் ஒரு ஆட்காட்டி அலறிக்கொண்டு எழுந்தது. கீழே, கூழாங்கற்களுக்கு நடுவே, கூழாங்கற்களைப் போலவே நான்கு முட்டைகள். இன்னும் ஓரடி வைத்திருந்தால் மிதித்திருப்பேன்.

ஆள் வருவதை அறிவிப்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். தூரத்திலேயே ஆளைக் கண்டால் முட்டையை விட்டுச் சத்தமின்றி நடந்து விலகி, வேறெங்கோ போய் நின்று கத்தும். வருபவனின் கவனம் அங்கே போய்விடும். அந்த அவகாசத்தை என் சட்டை தின்றுவிட்டது. ஒவ்வொரு உயிரும் தனக்கும் நமக்கும் இடையே ஒரு தூரத்தை அளந்து வைத்திருக்கிறது. அந்த எல்லைக்குள் வந்தால் போய்விடும், வராவிட்டால் இருக்கும். அதன் சுதந்திரம் என்று சொல்ல ஏதாவது இருந்தால் அது இந்த அளவையில்தான் இருக்கிறது. உருமறைப்பின் சாமர்த்தியமோ அந்த அளவுகோலைப் பொய்யாக்குவது.

புதருக்குள் மறுபடி பதுங்கினேன். பறவை வரவில்லை. வெயில் ஏறியது; ஏப்ரல் வெயிலில் முட்டை அவிந்துபோக அதிக நேரம் ஆகாது. கடைசியில் வெட்கத்தோடு எழுந்து, வெட்டவெளியில் நடந்து, தொலைவில் கரைமேல் ஏறி நிமிர்ந்து நின்றேன். வேறு மறைவு இல்லாததால் நின்றேன், தீர்மானம் ஒன்றுமில்லை. சிறிது நேரத்தில் அது வந்தது. வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின்மேல் உட்கார்ந்தது. முகம் என் பக்கமாகவே இருந்தது.

டீக்கடையில் ஒரு ஆச்சி சட்டையைப் பார்த்துவிட்டு, "தம்பி பட்டாளத்துல இருக்கியளோ?" என்றாள்.

"இல்ல ஆச்சி, பேங்க்ல. பறவை பயப்படக் கூடாதுன்னு போட்டது."

"எங்களப் பாத்தே பயப்படல, ஒங்களப் பாத்தா பயந்துரப் போவுது?"

கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வீட்டுக் கொல்லை மரங்களில் கூடு கட்டுகின்றன. 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்படும் முன்பே ஊர்க்காரர்கள் அவற்றைக் காத்துவந்தவர்கள். தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அவர்கள் மறைந்துகொள்ளவில்லை, பறவைகள் அவர்களைப் பார்த்துப் பார்த்துத் தீர்மானித்துவிட்டன. நான் இரண்டு நாள் லீவில் வந்தவன். தலைமுறைகள் சம்பாதித்த அந்த நம்பிக்கையை ஒரு சட்டையின் விலைக்கு வாங்கப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மறுப்பு உண்டு, பலமான மறுப்பு. இருக்கிற இடம் தெரியாமல் இருப்பதே மரியாதை. நம்மைக் கண்டு எழுந்து ஓடும் மான் நம்மால் ஒரு வாய் மேய்ச்சலையாவது இழக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். நகராமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த வாதம் பொருந்தும். ஆனால் மறைந்தவன் உட்கார்ந்தே இருப்பதில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாம் என்ற ஆசையைச் சட்டையே கொடுக்கிறது. பார்க்கப்படாமல் பார்த்ததுதான் 'உள்ளது உள்ளபடி' என்ற யதார்த்தவாத மமதையும் கூடச் சேர்ந்துகொள்கிறது. கவுண்ட்டர் கண்ணாடிக்குப் பின்னால் பத்து வருஷம் உட்கார்ந்தவனுக்கு இது அந்நியமில்லை. தெருவில் என்னை அடையாளம் காணாத வாடிக்கையாளர்களின் கடன் கணக்கெல்லாம் எனக்கு மனப்பாடம்.

சட்டையை எறிந்துவிடவில்லை. அதன் பிறகு கூந்தன்குளத்துக்குப் போனபோது சாதாரண வெள்ளைச் சட்டையில் கரைமேல் நின்று, நண்பரின் தொலைநோக்கியை இரவல் வாங்கிப் பார்த்தேன். இன்னொரு ஆட்காட்டி, வெகு தூரத்தில். அதன் கணக்கில் நான் கரையில் நிற்கும் ஓர் ஆள், அவ்வளவு தூரத்தில் இருப்பதால் ஆபத்தில்லாதவன். அதன் இமை மூடித் திறப்பதுவரை எனக்குத் தெரிகிறது என்பது அந்தக் கணக்கில் வராது.