கறைபடாத கத்தி

சென்ற மாதம் நண்பர்கள் சிலரோடு கொல்லிமலைக்குப் போயிருந்தேன். வழியில் ஓர் அன்னாசிப் பழத்தை வாங்கி, பையிலிருந்த மடக்குக் கத்தியை எடுத்தேன். மலை, காடு என்று புறப்படும்போதெல்லாம் என்னோடு வருகிற எவர்சில்வர் கத்தி. வாங்கி ஏழு ஆண்டுகளாகியும் ஒரு பொட்டுத் துரு இல்லை, முகம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பழத்தின்மேல் வைத்தால் வழுக்கியது. அழுத்தினேன், என் விரலைத்தான் அறுத்தது.

பழம் விற்ற பெரியவர் சிரித்துவிட்டார்.

"பளபளப்பாத்தான் இருக்குதுங்க. பதம் இல்லீங்களே!"

அவர் தம்முடைய கறுத்துப்போன இரும்புக் கத்தியால் ஒரு நிமிஷத்தில் பழத்தைச் சீவிக் கொடுத்துவிட்டார்.

இந்த எஃகு பிறந்த கதையே வேடிக்கையானது. 1913-ல் இங்கிலாந்திலுள்ள ஷெஃபீல்டு நகரில், துப்பாக்கிக் குழல்கள் அரிக்கப்படாதிருக்க வழி தேடிய ஹாரி பிரியர்லி, ஏறத்தாழ 13 சதவீதம் குரோமியம் கலந்த எஃகை உருவாக்கினார். குரோமியம் காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய போர்வையாகி எஃகைக் காக்கிறது. அதிலே கத்தி செய்யலாமே என்றார். செய்தார்கள். கத்தி துருப்பிடிக்கவில்லை; வெட்டவும் இல்லை! வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்த மனிதர் என்று அவரைக் கேலி செய்தார்கள். அதற்கேற்ற சூடும் பதமும் பிறகுதான் கைவந்தன.

துருப்பிடிக்காமை வேறு, கூர்மை வேறு. எந்த எஃகானாலும் வெட்ட வெட்ட விளிம்பு மடியும், தேயும். வனேடியம் சேர்த்த கடினமான புது எஃகுகள் நெடுநாள் தாங்கும். ஆனால் மழுங்கிவிட்டால் சாதாரணக் கல்லுக்கு எளிதில் மசியமாட்டா. வைரத்தூள் பதித்த கல் வேண்டும். தீட்டவே வேண்டாத கத்தி உலகில் இல்லை. இரும்புக் கத்தியை மறந்து போட்டுவிட்டால் துரு நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். எவர்சில்வரோ மழுங்கிய பிறகும் மின்னிக்கொண்டே இருக்கும்.

மனிதரிலும் இப்படி உண்டு. வேறு யாரையோ சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன். இளமையில் நான் குமாஸ்தாவாக இருந்த ஓர் அலுவலகத்தில், செய்யாத குற்றத்துக்காக ஒருவர் வேலை இழந்தார். உண்மை எனக்குத் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பொய் சொன்னேனா? இல்லை. காசு வாங்கினேனா? அதுவும் இல்லை. 'என் கை சுத்தம்' என்று இருந்துவிட்டேன். கறை தெரியாததனாலேயே என் மழுக்கம் பல ஆண்டுகள் எனக்குப் புலப்படவில்லை.

கெட்டதைச் செய்யாமலிருப்பதே பெரிய காரியமல்லவா என்று நீங்கள் கேட்கலாம். பெரிய காரியந்தான். மழைக்காட்டில் துருப்பிடிக்காத கத்தி எவ்வளவு உதவி! ஆனாலும் கத்தியை எடுத்துப் போவது வெட்டுவதற்குத்தானே?

ஊர் திரும்பியதும் கல்லை நனைத்து உட்கார்ந்தேன். ஒரே சாய்வில் பிடித்து, மறுபக்கம் பிசிறு விரலில் தட்டுப்படும்வரை தீட்டினேன்; பிறகு திருப்பித் தீட்டினேன். நீரில் சாம்பல் நிறமாகக் கரைந்தோடியது என் கத்திதான். கொஞ்சம் குறையாமல் கூர்மை வருவதில்லை.

அன்று வாய் திறந்திருந்தால் நானும் கொஞ்சம் குறைந்திருப்பேன்: சம்பளத்தில், மேலதிகாரியின் தயவில். அதற்குத்தான் பயந்தேன்.

கத்தி இப்போது காகிதத்தை நறுக்கென்று அறுக்கிறது. அந்த மனிதர் எங்கே இருக்கிறாரோ, தெரியவில்லை.